எலுமிச்சம்பழம் வைத்துத் தொடங்கிய லாக் சர்வர்

காலை மணி பத்து நாற்பத்திரண்டு. முதலில் கண்ணில் பட்டது ஓர் எலுமிச்சம்பழம். குங்குமம் தடவி, புது கம்ப்யூட்டரின் தலையில் உட்காரவைத்திருந்தார்கள். அதற்குக் கீழே மூன்று பட்டைத் திருநீறு. அதற்கும் கீழே, மல்லிகைச் சரத்தை விலக்கிக்கொண்டு, சுவிட்சின் மேல் என் முதலாளியின் கட்டைவிரல்.

"ஆச்சாம்மா? நேரம் தாண்டப் போகுது" என்றார்.

"ஆச்சு பாஸ்" என்றேன்.

ஆகவில்லை. அது எனக்கே நான்காம் நாள்தான் தெரிந்தது. ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். யார் "ஆச்சா" என்று கேட்டாலும் "ஆச்சு" என்று சொல்வது அந்த வயதில் எனக்கு இருந்த வியாதி. அடுப்பில் வைக்காத பால், எழுதாத வீட்டுப்பாடம், தபாலில் போடாத கடிதம் எல்லாமே என் வாயில் ஆச்சுதான். (இப்போது வயது கூடிவிட்டது. "ஆகிக்கிட்டே இருக்கு" என்று சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.)

இடம் மலேசியாவில் மலாக்கா, காஜா பேராங் தெரு. கீழே பூக்கடை, மேலே அலுவலகம். மெர்டேக்கா என்ற சுதந்திர தினம் முடிந்து ஒரு மாதம் ஆகியும் எதிர்வரிசைக் கடைகளில் கொடியை இறக்கவில்லை. எங்கள் கடையில் கல்யாண மாலை, மேடை அலங்காரம், கோயில்களுக்கு உதிரிப்பூ. மலையிலிருந்து லாரியில் ரோஜா வரும், இந்தியாவிலிருந்து விமானத்தில் மல்லிகை வரும். எல்லாம் ஆயர் குரோ தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் குளிர் அறையில் இறங்கும். அந்த அறைக்கும் கடைக்கும் இடையே தொலைபேசிக் கம்பி வழியாக ஒரு கம்ப்யூட்டர் இணைப்பு. நான் அந்தக் கடையின் ஒரே கம்ப்யூட்டர் ஆள். வயது இருபத்து நான்கு. ஆறு மாதம் தகுதிகாண் காலம், அதில் நான்கு முடிந்திருந்தது. அதற்கு முன் இரண்டு வருஷம் கோலாலம்பூரில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்தினேன். எது நடந்தாலும் மணியைக் குறித்துவைக்கும் பழக்கம் அங்கே ஒட்டிக்கொண்டது.

குளிர் அறையைப் பார்த்துக்கொண்டவர் பிள்ளை அங்கிள். மலாக்கா செட்டி, அதாவது பல நூற்றாண்டுக்கு முன் இங்கே குடியேறிய தமிழ் வணிகர்களின் வழிவந்தவர். கடையிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் அவர் வீடு. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் என்னைவிட ஒழுங்காகப் படையல் போடுவார், நெற்றியில் திருநீறு இல்லாமல் வெளியே வரமாட்டார், தமிழில் மட்டும் ஒரு முழு வாக்கியம் பேசமாட்டார். அவர்கள் பேச்சு மலாய், நடுநடுவே நம் வார்த்தைகள் தலைகாட்டும். நாங்களும் அவரிடம் மலாயில்தான் பேசுவோம். ஐம்பத்தொன்பது வயதில் தினமும் மோட்டார் சைக்கிளில் ஆயர் குரோ போய், காலை ஏழிலிருந்து மாலை ஆறு வரை அந்த அறைக் கதவுக்குக் காவல்.

இரண்டு மாதமாகப் பூ அடிபட்டுக்கொண்டிருந்தது. காலையில் வெள்ளையாக உள்ளே போகும் மல்லிகை மறுநாள் விளிம்பு பழுத்து வெளியே வரும். பிள்ளைக்கு வயதாகிவிட்டது, கதவைச் சாத்த மறக்கிறார் என்று முதலாளிக்குச் சந்தேகம். நேரே கேட்டார். பிள்ளை அங்கிள் இல்லையென்றார். இரண்டாம் முறையும் கேட்டார். இரண்டாம் முறையும் இல்லையென்றார். பிறகு சிங்கப்பூரில் இருந்த முதலாளியின் அக்காள் மகன் போனில் ஒரு வழி சொன்னான். குளிர் அறையில் இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி, கதவு திறந்தால் ஒரு வரி, மூடினால் ஒரு வரி, கம்ப்ரெசர் நின்றால் ஒரு வரி என்று இணைப்பு வழியாக அனுப்பும். கடையில் ஒரு லாக் சர்வர் வைத்தால், வருகிற ஒவ்வொரு வரியையும் அது மணியோடு எழுதிவைக்கும். யாரையும் யாரும் கேட்க வேண்டாம்.

இதைக் கேட்டு முதலாளியைவிட அதிகமாக மகிழ்ந்தவர் பிள்ளை அங்கிள்தான். மெஷின் எப்போது வரும் என்று என்னைத் தினமும் விசாரித்தார். எனக்கு அது விசித்திரமாக இருந்தது. தன்னை வேவு பார்க்க வருகிற சாமானுக்கு யாராவது நாள் எண்ணுவார்களா?

இனி, என் திறமை.

லாக் சர்வரில் எழுதும் வேலையைச் செய்வது ஒரு சின்ன நிரல். மெஷின் உயிர்பெறும்போது அது ஒரு கோப்பைத் திறந்து பார்க்கும். அதில் ஒரே ஒரு வரி. எப்படித் தொடங்க வேண்டும் என்ற கட்டளைகள் அந்த வரியில் இருக்கும், ஒவ்வொன்றும் ஓர் எழுத்து. 'எம்' போட்டு இருபது என்று எழுதினால், இருபது நிமிஷத்துக்கு ஒரு முறை "உயிரோடு இருக்கிறேன்" என்பதற்கு அடையாளமாக ஒரு வரி எழுதிக்கொள்ளும். 'ஆர்' போட்டால், வெளியிலிருந்து வரும் செய்திகளுக்குக் காது கொடுக்கும். போடாவிட்டால், தன் வயிற்றுக்குள் நடப்பதை மட்டும் எழுதும். வெளியார் பேச்சைக் கேட்காமல் இருப்பதுதான் அதன் பிறவிக் குணம். பாதுகாப்புக்காக அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நான் 'எம்' போட்டேன், 'ஆர்' போடவில்லை. கையேட்டில் அந்தப் பக்கத்தைப் படிக்கும்போது சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

சோதித்துப் பார்க்காமலா விட்டேன் என்றால், பார்த்தேன். அதுதான் இன்னும் கேவலம். அதே மெஷினில் உட்கார்ந்து, அதே மெஷினுக்கு ஒரு செய்தி அனுப்பினேன். உடனே எழுதிக்கொண்டது. என்னை நானே கூப்பிட்டு, நானே "ஏன்" என்று கேட்டு, காது அருமையாக வேலை செய்கிறது என்று முடிவுகட்டினேன். பிறகு மெஷினை அணைத்துவைத்தேன், மறுநாள் நல்ல நேரத்தில் முதலாளி கையால் தொடங்குவதற்காக.

முதலாளியின் குடும்பம் செட்டிநாட்டிலிருந்து வந்து மூன்று தலைமுறை ஆகிவிட்டது. ஊரிலிருந்து கொண்டுவந்த பலவற்றை விட்டுவிட்டார்கள், பஞ்சாங்கத்தை விடவில்லை. லாரிக்கு டயர் மாற்றுவதற்கும் நேரம் பார்ப்பார். பத்து நாற்பத்திரண்டுக்குச் சுவிட்சைப் போட்டார், சூடம் காட்டினார், அரைத்த சந்தனத்தைத் திரையின் மூலையில் வைத்தார். அதன்பின் சிவப்பு டேப் ஒன்றை எடுத்து, சுவிட்சின் மேல் குறுக்கே ஒட்டினார்.

"ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாளைக்கு இத யாரும் அணைக்கக் கூடாது. பாத்துக்கம்மா."

சரி என்றேன். (வேறென்ன சொல்வேன்?)

அன்றிலிருந்து தினமும் காலை எட்டரைக்கு முந்தைய நாள் பதிவை அச்செடுத்து முதலாளி மேஜையில் வைப்பது என் வேலை. இருபது நிமிஷத்துக்கு ஒன்றாக எழுபத்திரண்டு வரி. ஒவ்வொன்றிலும் மணி, பக்கத்தில் அந்த உயிரோடிருக்கும் அடையாளம். வேறு எதுவும் இல்லை. மேலே என் கையால் "பிழை எதுவும் இல்லை" என்று எழுதுவேன். முதலாளி விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிப் பார்த்து, திருப்தியாகத் தலையசைப்பார்.

நான்காம் நாள் மதியம் தோசையைக் கடித்துக்கொண்டே விட்ட பக்கத்தைப் படித்தேன். தோசை பாதியில் நின்றது. கதவு திறந்தது, மூடியது என்றுகூட ஒரு வரி வரவில்லையே என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக ஒருவர் கதவையே திறக்காமல் பூ எடுத்துக்கொடுத்திருக்கிறார் என்று நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

கோப்பைத் திறந்து 'ஆர்' சேர்க்க மூன்று விநாடி போதும். சேர்த்தேன். ஆனால் அது தொடக்கக் கட்டளை. மறுபடி தொடங்கினால்தான் படிக்கும். மறுபடி தொடங்க வேண்டுமானால் மெஷினை அணைக்க வேண்டும். சுவிட்சின் மேல் சிவப்பு டேப். டேப்பின் மேல் அவர் தினமும் வைக்கிற குங்குமம். கடையில் எந்த நேரமும் நான்கு பேர், நான்கு பேருக்கும் மண்டலம் தெரியும்.

முதலாளியிடம் போய்ச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாள் ஒத்திகை பார்த்தேன். மூன்றாம் நாள் அறை வாசல்வரை போனேன். உள்ளே அவர் போனில் யாரிடமோ, "நம்ம கடையில ஒரு மெஷின் வாங்கியிருக்கோம், எங்கயோ நடக்கிறத இங்க உக்காந்து பாக்குது" என்று பெருமையடித்துக்கொண்டிருந்தார். திரும்பிவந்துவிட்டேன்.

மின்சாரம் போகட்டும் என்று காத்திருக்க ஆரம்பித்தேன். கரண்டு போனால் மெஷின் தானாக அணையும், தானாக எழும், 'ஆர்' தானாக ஏறும், பழி மின்வாரியத்தோடு போய்விடும். வேண்டிக்கொள்ளவும் செய்தேன். பதினோராம் நாள் மாலை நான்கு மணி பத்து நிமிஷத்துக்கு இடி இடித்தது, காஜா பேராங் முழுக்க இருட்டியது. கடைக்காரர்கள் எல்லாரும் வாசலுக்கு வந்து வானத்தைத் திட்டினார்கள். நான் மட்டும் மாடிக்கு ஓடினேன்.

இருட்டில் மெஷினின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த பேட்டரிப் பெட்டி பீப் பீப் என்று கடமையாற்றிக்கொண்டிருந்தது. கரண்டு போனாலும் மெஷின் அணையாமல் இருக்க அதை வாங்கியே ஆக வேண்டும் என்று முதலாளியிடம் இரண்டு பக்கம் எழுதிக்கொடுத்து வாங்கவைத்தவள் நான். இருபது நிமிஷம் தாங்கும் என்று எழுதியிருந்தேன். பதினெட்டாவது நிமிஷம் கரண்டு வந்தது.

இருபத்துமூன்றாம் நாள் வியாழக்கிழமை. கோயிலில் அன்னதானம், முதலாளிதான் உபயம். மதியம் சாப்பிட்டுவிட்டு வழக்கம்போல "சைட் பாத்துட்டு வரேன்" என்று ஆயர் குரோ கிளம்பினார். தினமும் போவார், இரண்டுக்குப் போய் நாலுக்குள் வருவார். அன்று ஐந்தரைக்குத்தான் வந்தார். மறுநாள் காலை குளிர் அறையைத் திறந்தால், சனிக்கிழமை முகூர்த்தத்துக்காக வைத்திருந்த மல்லிகை அத்தனையும் காப்பிப்பொடி நிறம்.

பத்து மணிக்கு முதலாளி அறையில் விசாரணை. பிள்ளை அங்கிள் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். முதலாளி என் அச்சுத்தாளை மேஜைமேல் விரித்தார்.

"கம்ப்ரெசர் நிக்கல. கரண்டு போகல. மெஷின் ஒண்ணும் சொல்லல. அப்போ மனுஷன் தப்புதானே?" என்று மலாயில் கேட்டார்.

பிள்ளை அங்கிள் தாளைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். மெஷின் ஏதாவது சொல்லியிருக்க வேண்டுமே, நன்றாகப் பார்த்தாயா என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். பிள்ளை அங்கிளை இந்த மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார் முதலாளி. மாதக் கடைசிக்கு ஒரு வாரம் இருந்தது.

படியில் இறங்கும்போது பிள்ளை அங்கிள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "தக் ஆப்பா, டிக்" என்றார். பரவாயில்லை, தங்கச்சி. வேலை போகிறவர் எனக்கு ஆறுதல் சொன்னார்.

இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. இருபத்தாறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, முகூர்த்த நாளென்று கடை திறந்திருந்தது. பன்னிரண்டரைக்கு மெஷின் விற்ற கோலாலம்பூர்க் கடைக்குப் போன் போட்டேன். எடுத்தவர் குரலில் மூன்று வருஷத் தூக்கம் பாக்கி இருந்தது. கதையைச் சொல்லாமல் கேள்வியை மட்டும் கேட்டேன். மெஷினை அணைக்காமல் தொடக்கக் கட்டளையை மாற்ற ஏதாவது வழி உண்டா?

"எதுக்கு மெஷின அணைக்கணும்? அந்தப் புரோகிராம மட்டும் நிறுத்தி ஸ்டார்ட் பண்ணுங்க. ஒரு வரி."

"ஒரு வரியா?"

"ஒரு வரிதான்லா. ஏன், எவ்வளவு நாளா காத்துக்கிட்டிருக்கீங்க?"

போனை வைத்துவிட்டேன். இருபத்திரண்டு நாள். இடிக்கும் மின்னலுக்கும் வேண்டிக்கொண்ட இருபத்திரண்டு நாளும் அந்த ஒரு வரியை யாரும் என்னிடமிருந்து ஒளித்துவைக்கவில்லை. கையேட்டில், நான் தோசையைப் பாதியில் விட்ட பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்தது.

மணி பன்னிரண்டு ஐம்பத்தெட்டுக்கு அந்த வரியை அடித்தேன். டேப் அப்படியே இருந்தது, பச்சை விளக்கு சிமிட்டக்கூட இல்லை. ஒரு மணி இரண்டு நிமிஷத்துக்கு ஆயர் குரோவிலிருந்து முதல் வரி வந்தது. கதவு திறந்தது. ஒன்று மூன்றுக்கு, கதவு மூடியது. ஒன்று பதினேழுக்குத் திறந்தது, பதினெட்டுக்கு மூடியது. வாசலில் நிற்கிற ஆள் ஒவ்வொரு முறையும் சாத்துகிறார் என்பதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு பத்துக்கு: கம்ப்ரெசர் நின்றது. அதற்குப்பின் அரை மணிக்கு ஒரு முறை சூடு ஏறுகிறது, சூடு ஏறுகிறது. மூன்று இருபத்தைந்துக்கு: கம்ப்ரெசர் தொடங்கியது.

நான் ஆயர் குரோவுக்குப் போன் செய்தேன். பிள்ளை அங்கிள் எடுத்தார். இரண்டு பத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். மெஷினில் வந்ததா என்றார். வந்தது என்றேன். அந்தப் பக்கம் ஒரு பெரிய மூச்சு கேட்டது.

பிறகு சொன்னார். மூன்று மாதத்துக்கு முன் அங்கேயிருந்த அலுவலக அறைக்கு முதலாளி ஏர்கான் போட்டுக்கொண்டார். தினமும் மதியம் அதைப் போட்டுக்கொண்டு ஒரு தூக்கம். ஏர்கானும் கம்ப்ரெசரும் ஒரே லைனில். ஏர்கான் ஓட ஆரம்பித்ததும் கம்ப்ரெசரின் பிரேக்கர் விழுந்துவிடும். பிரேக்கர் இருக்கும் சுவிட்ச் போர்டு அந்த அறைக்கு உள்ளே. அறைக் கதவு உள்ளே தாழ். முதலாளி எழுந்து, முகம் கழுவி, கடைக்குக் கிளம்பிய பிறகுதான் இவர் உள்ளே போய்ப் பிரேக்கரைத் தூக்கிவிடுவார். முதலாளி சைட் பார்க்க வருகிறார் என்று கடை முழுக்கத் தெரியும். சைட்டில் என்ன செய்கிறார் என்பதைத் தன் வாயால் எப்படிச் சொல்வது என்று கேட்டார். மெஷின் சொல்லும் என்று இருந்தாராம்.

நாலு மணிக்கு முதலாளி வந்தார். தலைமுடி ஒரு பக்கம் அழுந்தியிருந்தது. அன்றைய பதிவை அச்செடுத்துக்கொண்டு உள்ளே போனேன். பிள்ளை அங்கிளும் அவர் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்து, கூப்பிடாமலே வாசலில் நின்றார்.

முதலில் என் குற்றத்தைச் சொன்னேன். இருபத்தாறு நாளாக மெஷினுக்குக் காது இல்லை, நான் கொடுத்த தாள் எல்லாம் வெற்றுத்தாள், அவற்றை வைத்து நீங்கள் அங்கிளை நிறுத்தினீர்கள். ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வந்தது.

முதலாளி நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். பிறகு கேட்டார்:

"மெஷின அணைச்சியா?"

"இல்ல பாஸ். உள்ள ஒரு புரோகிராம மட்டும்தான். ஒரு விநாடி."

"டேப்ப எடுக்கலயே?"

"எடுக்கல பாஸ்."

நிம்மதியானார். தாளை இழுத்து விரலால் தடவ ஆரம்பித்தார். இரண்டு பத்தில் விரல் நின்றது.

"ரெண்டு பத்துக்கு இத யாரு நிறுத்தினது?"

பிள்ளை அங்கிள் கூரையைப் பார்த்தார். பிழை திருத்திய புத்தி எனக்கு, தவறைக் கண்டால் வாய் நிற்காது. "ரெண்டு பத்துக்குத்தான் பாஸ் நீங்க அங்க ஏர்கான் போடுவீங்க. மூணு இருபத்தஞ்சுக்கு எழுந்து கிளம்பிட்டிருப்பீங்க" என்றேன்.

கீழே கடையில் யாரோ வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"எனக்கும் சேத்தா லாக் எழுதுது?" என்றார் முதலாளி. பிறகு பிள்ளை அங்கிளைப் பார்த்து, ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று மலாயில் கேட்டார். முதலாளி தூங்கும்போது எப்படி எழுப்புவது என்று பிள்ளை அங்கிள் மரியாதையாகப் பதில் சொன்னார்.

மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. மாதக் கடைசியில் நிற்க வேண்டாம் என்பதையும் முதலாளி நேரடியாகச் சொல்லவில்லை. நாளைக்கு ரோஜா லாரி ஆறரைக்கே வருகிறது, சீக்கிரம் வந்துவிடுங்கள் என்றார். அந்த வாரமே ஏர்கானுக்குத் தனி லைன் இழுத்தார்கள், நல்ல நேரம் பார்த்து. தூக்கம் தொடர்ந்தது. என் தகுதிகாண் காலத்தை நீட்டித்துக் கடிதம் வந்தது. எவ்வளவு என்று பார்த்தேன். நாற்பத்தெட்டு நாள்.

இந்தக் கதையை என் கணவரிடம் கல்யாணத்துக்கு முன்பே சொன்னது என் அடுத்த தவறு. அவரும் மலாக்காதான், தெங்கேராப் பக்கம், எதையும் மறக்காத வம்சம். மாமியார் ஏதாவது சொல்ல, நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டு தலையாட்டினால், "அம்மா, அவளுக்கு இன்னும் ஆர் போடல, திரும்பச் சொல்லுங்க" என்பார். மாமியாருக்குக் கம்ப்யூட்டரைத் தொடத் தெரியாது. ஆனால் இப்போது அவரே பேரப்பிள்ளைகளிடம் கேட்கிறார், உங்கள் அம்மாவுக்கு ஆர் போட்டாயிற்றா என்று. கல்யாணம், காதுகுத்து, கருமாதி எங்கே போனாலும் யாராவது ஒருவர் இதை முதலிலிருந்து தொடங்கிவிடுகிறார்கள். நானும் சிரிப்பேன். சிரித்துச் சிரித்து அலுத்துவிட்டது.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு முதலாளி ஒரு புது முறை கொண்டுவந்தார். தினசரித் தாளின் அடியில் இரண்டு கட்டம். ஒன்றில் நான் கையெழுத்துப் போட வேண்டும், மற்றதில் பிள்ளை அங்கிள். பிள்ளை அங்கிள் இன்னும் ஒன்பது வருஷம் அங்கே வேலை பார்த்தார். என் கல்யாணத்துக்கு மாலையைத் தானே குளிர் அறையிலிருந்து எடுத்து வந்தார், என் பிள்ளைகளுக்குத் தீபாவளிப் பலகாரம் கொடுத்தனுப்பினார். என் கையெழுத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கட்டத்தில் மட்டும் ஒரு நாளும் கையெழுத்துப் போடவில்லை.